கைப்பேசி இணைய இணைப்பில் போர்ட் ஃபார்வர்டிங்

போர்ட் ஃபார்வர்டிங் என்பது, வெளியிலிருந்து ஒரு ரௌட்டரின் குறிப்பிட்ட போர்ட்டுக்கு வரும் இணைப்பை உள்ளே இருக்கும் ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து பார்க்கவும், சொந்தக் கணினியில் விளையாட்டு சர்வர் நடத்தவும், தோட்டத்தில் இருக்கும் மோட்டார் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு பேசவும் இது பயன்படுகிறது. கம்பிவழி பிராட்பேண்டில் பொது ஐபி முகவரி கிடைத்திருந்தால், ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு விதி எழுதியதும் வேலை முடிந்துவிடும். சிம் போட்டு ஓடும் 4ஜி, 5ஜி ரௌட்டரிலும் அதே பக்கம் இருக்கிறது. விதியை எழுதலாம், சேமிக்கலாம். ஆனால் பெரும்பாலும் ஓர் இணைப்பும் வந்து சேராது. குறை ரௌட்டரில் இல்லை. பொது முகவரி சந்தாதாரர் கையில் இல்லாமல் சேவை நிறுவனத்தின் கருவியில் இருப்பதுதான் காரணம். ஆகவே சிம் இணைப்பில் ‘போர்ட் திறந்துவிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால், பெரும்பாலும் அவர் வேறோர் இடத்தில் இருக்கும் போர்ட்டை இரவல் வாங்கியிருக்கிறார் என்றே பொருள்.

முகவரிப் பற்றாக்குறை

1981இல் வரையறுக்கப்பட்ட ஐபிவி4 முகவரி 32 பிட் நீளமுள்ளது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். பல கருவிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் இருக்க வழிசெய்யும் ‘நாட்’ என்னும் முகவரி மாற்று முறையை 1994இல் எகெவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் ஆர்எஃப்சி 1631 என்ற ஆவணத்தில் விளக்கினர். உள் வலையமைப்புகளுக்கென்றே 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்கும் மூன்று தொகுதிகளை 1996இன் ஆர்எஃப்சி 1918 ஒதுக்கிவைத்தது. 2011 பிப்ரவரி 3 அன்று, உலக இருப்பைக் கவனிக்கும் ஐயானா தன்னிடம் மிஞ்சியிருந்த ஐந்து பெருந்தொகுதிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. ஆசிய பசிபிக் பகுதிக்கான ஏப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தன் கடைசித் தொகுதியில் கைவைத்தது.

இந்தியாவில் 4ஜி பரவியது இதற்குப் பிறகுதான். 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது, கோடிக்கணக்கான சிம்களுக்குத் தலைக்கு ஒரு முகவரி கொடுக்க உலகத்திலேயே இருப்பு இல்லை. இருந்திருந்தாலும் கொடுத்திருப்பார்களா என்பது சந்தேகமே. ஜிபிஆர்எஸ் காலத்திலிருந்தே கைப்பேசி நிறுவனங்கள் சந்தாதாரர்களை 10இல் தொடங்கும் உள் முகவரிகளில் வைத்துப் பழகியவை. அந்தத் தொகுதியிலேயே 1 கோடியே 67 லட்சம் முகவரிகள்தான் உண்டு. பெரிய நிறுவனம் ஒன்றுக்கு அதுவும் போதாது. வட்டாரத்துக்கு வட்டாரம் அதே எண்களைத் திரும்பப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. இந்த நிறுவன அளவிலான நாட் ‘சிஜிநாட்’ எனப்படுகிறது. இதற்கென்றே 2012 ஏப்ரலில் ஆர்எஃப்சி 6598 தனித் தொகுதி ஒன்றை ஒதுக்கியது: 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை, சுமார் 42 லட்சம் முகவரிகள்.

சிஜிநாட் இயங்கும் விதம்

ஒரே வெளி எண் கொண்ட பெரிய அலுவலகத்தின் எக்ஸ்டென்ஷன் தொலைபேசிகளைப் போன்றது இது: உள்ளே இருக்கும் யாரும் வெளியே பேசலாம், வெளியாள் அழைத்தால் யாருக்குக் கொடுப்பது என்று எழுதிவைத்த குறிப்பு வேண்டும். கைப்பேசியிலிருந்து ஒரு பாக்கெட் கிளம்பும்போது நிறுவனத்தின் கேட்வே அதன் உள் முகவரியையும் போர்ட்டையும் நீக்கி, ஒரு பொது முகவரியையும் தற்காலிக போர்ட்டையும் பதிக்கிறது. அந்த மாற்றத்தை ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வந்தால் அட்டவணையைப் பார்த்து உரியவருக்கு அனுப்புகிறது. யாரும் கேட்காமல் வெளியிலிருந்து தானாக வரும் பாக்கெட்டுக்கு அட்டவணையில் இடமில்லை. அது அங்கேயே கைவிடப்படும். வீட்டு ரௌட்டரில் எழுதிய விதி வரை அது வருவதே இல்லை.

போர்ட் எண் 16 பிட் நீளம் உள்ளதால் ஒரு பொது முகவரிக்கு 65,536 போர்ட்டுகள். முதல் 1,024ஐ விட்டுவிட்டு, ஆளுக்கு 2,000 வீதம் கொடுத்தால் ஒரு முகவரியில் 32 பேர் அடங்குவர். அந்த 32 பேரில் இருவர் 80ஆம் போர்ட்டைக் கேட்டால் யாருக்குக் கொடுப்பது? வாடிக்கையாளர் சேவை மையத்தில் ‘எனக்கு மட்டும் ஒரு போர்ட்டைத் திறந்துவிடுங்கள்’ என்று கேட்பவருக்கு உருப்படியான பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். சந்தாதாரர் தானே நிறுவனத்தின் நாட்டிடம் போர்ட் கேட்டுப் பெற உதவும் பிசிபி என்ற நெறிமுறை 2013இல் ஆர்எஃப்சி 6887ஆக வெளிவந்தது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் நல்ல தீர்வு. ஆனால் கைப்பேசி நிறுவனங்கள் சாதாரணச் சந்தாதாரருக்கு அதைத் திறந்துவிடுவது அரிது. ரௌட்டரில் இருக்கும் யுபிஎன்பி வசதி ‘போர்ட் திறக்கப்பட்டது’ என்று காட்டினாலும் ஏமாற வேண்டாம். அது திறந்தது வீட்டுக்குள் இருக்கும் நாட்டை மட்டுமே.

பொது முகவரியே கொடுக்கும் நிறுவனங்களும் உள்வரும் இணைப்புகளை ஃபயர்வாலில் தடுப்பதுண்டு. இதில் வெறும் பிடிவாதம் இல்லை. சும்மா இருக்கும் கைப்பேசியின் ரேடியோ உறக்க நிலையில் இருக்கும். வெளியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தால் கோபுரம் அதைத் தேடிக் கூப்பிட்டு எழுப்ப வேண்டும். பொது முகவரிகளை நாள் முழுதும் துழாவிக்கொண்டே இருக்கும் நிரல்கள் இணையத்தில் ஏராளம். அவை ஒவ்வொன்றும் கதவைத் தட்டும்போது பேட்டரி தீரும், அலைவரிசை வீணாகும், அந்த டேட்டாவும் சந்தாதாரர் கணக்கில் ஏறும்.

எங்கே தடைபடுகிறது என்று கண்டறிதல்

முதல் சோதனை எளிது. ரௌட்டரின் நிலைப் பக்கத்தில் ‘வான் ஐபி’ என்று காட்டும் முகவரியையும், நம் முகவரியைச் சொல்லும் இணையதளம் ஒன்று காட்டும் முகவரியையும் ஒப்பிட வேண்டும். இரண்டும் வேறானால் நடுவில் இன்னொரு நாட் இருக்கிறது. 10இல் தொடங்கினாலோ, 100.64க்கும் 100.127க்கும் இடையில் இருந்தாலோ சந்தேகமே வேண்டாம். 192.0.0.4 போன்ற எண் தென்பட்டால், அந்த வலையமைப்பு உள்ளுக்குள், ஐபிவி4க்கு அடுத்த தலைமுறையான ஐபிவி6 மட்டுமே பேசுகிறது என்று பொருள். பழைய செயலிகளுக்காகக் கருவி தானே உண்டாக்கிக்கொண்ட ஐபிவி4 முகவரி அது. ஆண்ட்ராய்டு 4.3 முதல் இந்த 464எக்ஸ்லாட் முறை கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது.

எண்ணின் தோற்றத்தை மட்டும் நம்பக் கூடாது. அமெரிக்காவின் ஸ்பிரிண்ட் நிறுவனம் தன் உள் வலையமைப்பில் 21, 25 என்று தொடங்கும் முகவரிகளைப் பயன்படுத்தியது. இவை பதிவேட்டின்படி அமெரிக்க, பிரிட்டிஷ் பாதுகாப்புத் துறைகளுக்கு உரியவை. பார்வைக்குப் பொது முகவரி போலிருந்தும் அவை வெளியிலிருந்து எட்டாதவை. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி.

இரண்டு முகவரிகளும் ஒன்றாக இருந்தும் இணைப்பு வரவில்லை என்றால், உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும்: நிரல் அந்த போர்ட்டில் காத்திருக்கிறதா, கணினியின் ஃபயர்வால் விடுகிறதா, அந்தக் கணினியின் உள் முகவரி மாறாமல் இருக்க ரௌட்டரில் நிலைப்படுத்தப்பட்டிருக்கிறதா. சோதனையை அதே வைஃபையில் இருந்துகொண்டு செய்தால் முடிவு தவறாக வரலாம். வேறு நிறுவனத்தின் சிம் போட்ட கைப்பேசியிலிருந்து செய்வதே நல்லது. ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று உடனே வந்தால் பாக்கெட் ஏதோ ஒரு கருவியைத் தொட்டிருக்கிறது. நெடுநேரம் காத்து ‘டைம் அவுட்’ ஆனால் வழியில் யாரோ சத்தமில்லாமல் கைவிட்டிருக்கிறார்கள்.

கைப்பேசியின் ஹாட்ஸ்பாட் வழியாக மடிக்கணினியை இணைத்திருப்பவருக்கு இன்னொரு சிக்கல். ஐபோன் 172.20.10 என்று தொடங்கும் உள் முகவரிகளைத் தருகிறது. பழைய ஆண்ட்ராய்டுகளில் அது 192.168.43. இவ்வாறு கைப்பேசியே இரண்டாவது நாட்டாக நிற்கிறது. ஆனால் போர்ட் ஃபார்வர்டிங் விதி எழுதும் பக்கம் அதன் அமைப்புகளில் கிடையாது.

டைனமிக் டிஎன்எஸ் இங்கே உதவாது. மாறிக்கொண்டே இருக்கும் பொது முகவரிக்கு நிலையான பெயர் வைப்பதுதான் அதன் வேலை. சிஜிநாட்டில் அந்தப் பெயர் போய் நிற்பது, பலர் பகிரும் நிறுவனக் கருவியின் வாசலில்.

ஐபிவி6 வழி

இந்தியக் கைப்பேசி வலையமைப்புகள் ஐபிவி6ஐ ஏற்றதில் உலகின் முன்வரிசையில் இருக்கின்றன. அதில் ஒவ்வொரு சிம்முக்கும் உலகளாவிய முகவரித் தொகுதி ஒன்றே கிடைக்கிறது, நாட் தேவையில்லை. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், பாதி தீர்ந்தது. பல நிறுவனங்கள் உள்வரும் ஐபிவி6 இணைப்புகளையும் ஃபயர்வாலில் நிறுத்துகின்றன. நிறுவனம் விட்டாலும் ரௌட்டரின் சொந்த ஃபயர்வால் இயல்பாக மூடியே இருக்கும். அதில் போர்ட்டைத் திறப்பது நம் கையில். சிம் இணைப்பு அறுந்து மறுபடி சேரும்போது முகவரித் தொகுதி மாறிவிடும் என்பதால் இங்கே டைனமிக் டிஎன்எஸ் உண்மையிலேயே பயன்படும். கடைசித் தடை எதிர்முனையில்: அழைப்பவரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். அலுவலக வைஃபையில் அது இல்லாதபோது வீட்டுக் கேமரா தெரியாது. வெளியே வந்து 4ஜிக்கு மாறியதும் தெரியும். இந்த விசித்திரத்தைப் பலர் கேமராவின் கோளாறென்று நினைத்துவிடுகிறார்கள். செலவில்லாத வழி என்பதால் முதலில் இதைச் சோதித்துப் பார்ப்பது தகும்.

இரவல் போர்ட்

நேர்மையான முதல் வழி, நிறுவனத்திடமே நிலையான பொது முகவரி கேட்பது. வணிக வாடிக்கையாளர்களுக்கும் கருவிகளுக்கான எம்2எம் சிம்களுக்கும் தனி ஏபிஎன் வழியாக இது தரப்படுவதுண்டு. ஏபிஎன் என்பது சிம் எந்த கேட்வே வழியாக வெளியே போக வேண்டும் என்று குறிக்கும் பெயர். நிறுவனம் அனுமதிக்காத ஏபிஎன் பெயரை நாமாக எழுதினால் இணைப்பே வராது. ‘ஸ்டாட்டிக் ஐபி’ என்று விற்கப்படுவது சில நேரங்களில் மாறாத உள் முகவரியாக மட்டுமே இருக்கும். பணம் கட்டுமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: முகவரி பொதுவானதா? உள்வரும் இணைப்புகள் அனுமதிக்கப்படுமா?

மற்ற வழிகள் எல்லாம் ஒரே உத்தியின் வேறுபாடுகள். உள்ளே வரும் இணைப்பை சிஜிநாட் தடுக்கிறது, வெளியே போகும் இணைப்பைத் தடுப்பதில்லை. ஆகவே வீட்டுக் கருவி தானே வெளியே போய், பொது முகவரி உள்ள ஒரு சர்வரோடு இணைப்பை ஏற்படுத்தி அதை அறுந்துபோகாமல் வைத்துக்கொள்கிறது. உலகம் அந்த சர்வரின் போர்ட்டைத் தட்டும். பாக்கெட்டுகள் ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பின் வழியே வீட்டுக்கு இறங்கும்.

இதற்கு இன்று பரவலாகக் கையாளப்படுவது, மாத வாடகைக்கு எடுத்த சிறிய சர்வரும் வயர்கார்டும். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இந்த விபிஎன், 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6இல் சேர்க்கப்பட்டது. சர்வரில் யுடிபி 51820 வழக்கமான போர்ட். வீட்டு முனையில் ‘பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ்’ என்ற மதிப்பை 25 நொடி என்று கட்டாயம் வைக்க வேண்டும். நாட் அட்டவணையில் யுடிபி பதிவு 2 நிமிடத்துக்கு முன் கலையக் கூடாது என்று ஆர்எஃப்சி 4787 சொன்னாலும், அதற்கு முன்பே கலைத்துவிடும் வலையமைப்புகள் உண்டு. பதிவு கலைந்தால், வீடு மறுபடி பேசும்வரை சர்வரால் வீட்டை எட்ட முடியாது.

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. வீட்டுக்கும் சர்வருக்கும் இடையே வயர்கார்டு போட்ட டனல் ஏறிவிட்டது, பிங் போகிறது, சர்வரில் போர்ட்டைத் திருப்பிவிடும் விதியும் சரி. வெளியிலிருந்து தட்டினால் மட்டும் பதில் இல்லை. பாக்கெட் வரும் வழி சரியாக இருக்கிறது, போகும் வழிதான் தவறு. வெளியாளின் முகவரியோடு வந்த பாக்கெட்டுக்கு வீட்டுக் கருவி பதில் எழுதி, தன் வழக்கமான வாசலான சிம் வழியாகவே அனுப்பிவிடுகிறது. அந்தப் பதில் வேறொரு பொது முகவரியிலிருந்து வந்ததாகத் தெரியும். கேட்டவர் அதை ஏற்கமாட்டார். இதற்கு இரண்டு தீர்வுகள். சர்வரிலேயே மூல முகவரியையும் மாற்றி, எல்லாம் டனலின் மறுமுனையிலிருந்து வருவதுபோல் காட்டலாம். இது எளிது, ஆனால் வீட்டு சர்வரின் பதிவேட்டில் எல்லா வருகையாளரும் ஒரே முகவரியாகத் தெரிவர். தவறான கடவுச்சொல் போடுபவரைத் தானாகத் தடைசெய்யும் நிரல் அங்கே ஓடினால் சொந்த டனலையே அடைத்துவிடும். இரண்டாவது தீர்வு, டனல் வழியே வந்ததற்கு டனல் வழியே பதில் போகும்படி வீட்டில் தனி ரூட்டிங் அட்டவணை வைப்பது. அப்போது வயர்கார்டின் ‘அலவ்ட் ஐபீஸ்’ பட்டியலில் எல்லா முகவரிகளையும் அனுமதிக்க வேண்டும். இல்லையென்றால் அறியாத மூலத்திலிருந்து வந்த பாக்கெட்டுகளை வயர்கார்டே கைவிட்டுவிடும். சர்வர் வாடகைக்கு விடும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் வேறொரு ஃபயர்வால் இருப்பதும் அடிக்கடி மறந்துபோகிற ஒன்று.

இன்னொரு கோளாறு: உள்நுழைவுப் பக்கம் வருகிறது, படம் நிறைந்த பக்கம் பாதியில் நிற்கிறது. பாக்கெட்டின் அதிகபட்ச அளவான எம்டியு பொருந்தாததன் அடையாளம் இது. வயர்கார்டின் வழக்கமான எம்டியு 1420. கைப்பேசி வலையமைப்பு தன் சொந்தத் தலைப்புகளைச் சேர்க்கும். 464எக்ஸ்லாட் ஐபிவி4 தலைப்பை 20 பைட் பெரிதான ஐபிவி6 தலைப்பாக மாற்றும். 1280 என்று குறைத்தால் பெரும்பாலும் தீரும்.

ஒரே ஒரு டிசிபி போர்ட் போதுமென்றால் எஸ்எஸ்ஹெச்சின் தலைகீழ் டனல் இன்னும் எளிது. 1995இல் ஹெல்சிங்கியில் டாட்டு யுலோனன் எழுதிய இந்த நிரல் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் சர்வர்களிலும் இருக்கிறது. சர்வரில் ‘கேட்வே போர்ட்ஸ்’ அமைப்பை இயக்காவிட்டால் அந்த போர்ட் சர்வருக்குள் மட்டுமே திறக்கும், வெளியுலகுக்குத் தெரியாது. யுடிபி இதில் போகாது. ஆகவே பல விளையாட்டு சர்வர்களுக்கு உதவாது.

சர்வர் பராமரிக்க விரும்பாதவருக்கு ஆயத்த சேவைகள் உள்ளன. கிளவுட்ஃபிளேர் டனல் இணையப் பக்கங்களுக்கு ஏற்றது. என்கிராக், நிரலாளர்கள் தற்காலிகச் சோதனைக்கு எடுத்துக்கொள்வது. டெயில்ஸ்கேல், ஜீரோடியர் போன்றவற்றின் முதன்மை வேலை பொதுமக்களுக்குக் கதவு திறப்பதல்ல, நம் கருவிகளை ஒன்றோடொன்று கோப்பது. இவை முதலில் ‘ஹோல் பஞ்சிங்’ முறையில் இரு முனைகளையும் ஒரே நேரத்தில் வெளியே பேசவைத்து நேரடி வழி தேடும். பிரையன் ஃபோர்டும் வேறு இருவரும் 2005இல் சோதித்த நாட் கருவிகளில் சுமார் 82 விழுக்காடு யுடிபியில் இதற்கு இடம்கொடுத்தன. எதிர்முனைக்கு எதிர்முனை வெவ்வேறு போர்ட் ஒதுக்கும் நாட்டுகளில் இது தோற்று, இடைச் சர்வர் வழியாகப் போக நேரும். கைப்பேசி வலையமைப்புகளில் அந்த வகை கணிசம். டெயில்ஸ்கேல் தன் கருவிகளுக்குத் தரும் முகவரிகளும் சிஜிநாட்டுக்கென ஒதுக்கிய அதே 100.64 தொகுதியிலிருந்தே வருகின்றன. இரண்டும் ஒரே கருவியில் கூடும்போது மோதிக்கொள்ள வாய்ப்புண்டு.

கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ததும் படம் தெரியும் கேமராக்கள் மந்திரம் எதுவும் செய்வதில்லை. கருவி தயாரிப்பாளரின் சர்வரோடு தானே போய் இணைந்துகொள்கிறது. தோப்பில் கேமரா மாட்டுபவர் பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறார். வசதிக்கு விலை, வீட்டின் காட்சி யாருடைய சர்வரைத் தொட்டு வருகிறதோ அவரை நம்புவது.

டேட்டாச் செலவு

டனலை உயிரோடு வைத்திருக்கும் செலவு சொற்பம். வயர்கார்டின் கீப்அலைவ் பாக்கெட் தலைப்புகளோடு 60 பைட். 25 நொடிக்கு ஒன்று வீதம் நாளுக்கு 3,456 பாக்கெட், ஏறக்குறைய 200 கிலோபைட். காட்சிதான் தின்னும். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் ஓடும் கேமரா மணிக்கு 900 மெகாபைட் எடுக்கும். நாளுக்கு 2 ஜிபி தரும் திட்டம் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அசைவு தெரியும்போது மட்டும் அனுப்பும்படி வைத்து, பதிவை அங்கேயே மெமரி கார்டில் சேர்ப்பது நடைமுறைக்கு உகந்தது.

பாதுகாப்பு

2016இல் பரவிய மிராய் நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் டெல்நெட் போர்ட் வழியாகப் பிடித்தது. அந்தப் படையைக் கொண்டு அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சேவை முடக்கப்பட்டதால் பல பெரிய இணையதளங்கள் எட்டாமல் போயின. இரவல் போர்ட்டும் போர்ட்தான். டனல் குறியாக்கம் செய்யப்பட்டது என்பதால் சர்வரின் வாசலில் தட்டுபவன் தடுக்கப்படுவதில்லை. தன் கேமராவைத் தான் மட்டும் பார்க்க விரும்புபவர் பொதுப் போர்ட்டைத் திறப்பதே தேவையற்றது, விபிஎன் போதும்.

சிஜிநாட்டையே காவல் என்று நம்புவதும் தவறு. 2015 ஜூலையில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் இருவரும் ஓடிக்கொண்டிருந்த ஜீப் செரோக்கி காரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்திக் காட்டினர். காரின் யூகனெக்ட் கருவி ஸ்பிரிண்ட் சிம் இணைப்பில் இருந்தது. 6667ஆம் போர்ட் கடவுச்சொல் கேட்காமல் திறந்திருந்தது. பொது இணையத்திலிருந்து அதை எட்ட முடியாது. ஆனால் அதே நிறுவனத்தின் இன்னொரு சிம்மிலிருந்து எட்ட முடிந்தது. ஸ்பிரிண்ட் தன் வலையமைப்பில் அந்த போர்ட்டை அடைத்தது. ஃபியட் கிரைஸ்லர் 14 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்து, உரிமையாளர்களுக்குத் திருத்திய மென்பொருளை யுஎஸ்பி டிரைவில் தபாலில் அனுப்பியது.